ஊர் தேர்ந்தெடுத்த மருத்துவர்கள்: பிலிப்பைன்ஸ் நமக்குச் சொல்லும் பாடம்

(மருத்துவக் கல்வியும் சமூகநீதியும் என்ற பொருளில் இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவக் கல்வி என்றதும் நீட் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். கொஞ்சம் தள்ளிப்போய், கடல் கடந்து, பிலிப்பைன்ஸ் நாட்டைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். கடைசியில் நம் ஊருக்கு வந்து சேருவோம்.

ஏன் பிலிப்பைன்ஸ்? என் அக்கா மகன் 2019-இல் தாவோ நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போனான். நீட் மதிப்பெண் போதவில்லை, இங்கே தனியார் கல்லூரிக்குக் கட்டப் பணமில்லை, இருந்த நிலத்தை அடகு வைத்து அனுப்பினார்கள். ஏஜென்ட் சொன்னது, "ஆறு வருஷம் எம்.பி.பி.எஸ்." என்று. போன பிறகுதான் தெரிந்தது, அந்த நாட்டில் எம்.பி.பி.எஸ். என்று ஒரு படிப்பே இல்லை. ஒரு நாள் அக்கா போன் செய்து, "தம்பி, இவன் ஏதோ பி.எஸ்.ங்கிறான், எம்.டி.ங்கிறான், அங்க பரீட்சைங்கிறான், இங்க வந்து இன்னொரு பரீட்சைங்கிறான். இவன் எப்பதான்டா டாக்டர் ஆவான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் நான் பிலிப்பைன்ஸ் மருத்துவக் கல்வியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் படித்துக்கொண்டே போனபோது வேறொன்று கண்ணில் பட்டது. நாம் இங்கே நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக 'தகுதி, திறமை' என்று மோதிக்கொண்டிருக்கும் வழக்குக்கு அங்கே ஒரு மூலையில் 1976-லேயே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

முதலில் அந்த நாட்டில் ஒருவர் எப்படி மருத்துவர் ஆகிறார் என்று பார்ப்போம்.

பள்ளி முடித்ததும் நேராக மருத்துவக் கல்லூரிக்குப் பொதுவாகப் போக முடியாது. முதலில் ஒரு இளநிலைப் பட்டம் வாங்க வேண்டும், நான்கு ஆண்டு. பிறகு என்மாட் எனப்படும் தேசிய மருத்துவச் சேர்க்கைத் தேர்வு. அதன்பின் எம்.டி. என்ற பட்டத்துக்கு நான்கு ஆண்டு. பட்டம் வாங்கிய பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர். இத்தனையும் முடிந்தால்தான் மருத்துவர் உரிமத் தேர்வு எழுதலாம். ஆக, பள்ளி முடித்ததிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்பது, பத்து ஆண்டு ஆகிறது. அமெரிக்காவில் இருக்கும் முறை அப்படியே அங்கே இருக்கிறது. அது தற்செயல் இல்லை. ஸ்பானியர் ஆட்சியில் 1871-இல் மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அந்த நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசால் அங்கே மருத்துவம் படித்தவர்தான். பாதியில் விட்டுவிட்டு 1882-இல் மாத்ரித் போய்ப் படிப்பை முடித்துக் கண் மருத்துவரானார். பிறகு அமெரிக்கர் வந்தார்கள். 1905-இல் சட்டம் போட்டு அரசு மருத்துவப் பள்ளியை உருவாக்கினார்கள். அதுதான் இன்று பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. பாடமும் ஆங்கிலம், தேர்வும் ஆங்கிலம், பாடத்திட்டமும் அமெரிக்காவுடையது. தகாலோக் பேசும் நோயாளி, வாராய் பேசும் நோயாளி, செபுவானோ பேசும் நோயாளி எல்லாருக்கும் ஆங்கிலத்தில் தேறிய மருத்துவர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்சில் நம்முடையதைப் போன்ற சாதி கிடையாது. எல்லா நாட்டிலும் சாதியைத் தேடும் வேலையை நான் செய்யப் போவதில்லை. ஆனால் அங்கே பண்ணையார்கள் உண்டு, அவர்கள் கரும்புக் காட்டில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்கிறவர்கள் உண்டு. மிந்தனாவோவில் மலைகளை விட்டுத் துரத்தப்பட்ட லூமாத் பழங்குடிகள் உண்டு, மோரோ முஸ்லிம்கள் உண்டு. மணிலாவுக்கும் மற்ற தீவுகளுக்கும் நடுவே பெரும் பள்ளம் உண்டு. நாடு 7,641 தீவுகள். மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. 2017-இல் அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பை இலவசமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள், நல்ல சட்டம். மருத்துவம் இளநிலைப் படிப்பு அல்ல என்பதால் அந்தச் சட்டத்துக்குள் அது வரவில்லை. யார் மருத்துவராக முடியும் என்பதைப் பணமும் இடமும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன.

இந்த என்மாட் தேர்வைக் கொஞ்சம் கவனியுங்கள். அதில் பெர்சென்டைல் கணக்கு. நீங்கள் எவ்வளவு மதிப்பெண் வாங்கினீர்கள் என்பதைவிட, உங்களுக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. எந்த மருத்துவக் கல்லூரியிலும் சேரக் குறைந்தது 40 பெர்சென்டைல் வேண்டும் என்று அங்குள்ள உயர்கல்வி ஆணையம் வைத்தது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 90 கேட்கிறது. யோசித்துப் பாருங்கள், எழுதுகிற எல்லாரும் நன்றாகவே எழுதினாலும் நூற்றுக்கு நாற்பது பேர் வெளியேதான் நிற்க வேண்டும். யாருக்கு என்ன தெரியும் என்று கேட்கும் தேர்வு அல்ல அது. யாரை வெளியே நிறுத்தலாம் என்று கேட்கும் தேர்வு. நுழைவுத் தேர்வுகள் எல்லாவற்றின் இயல்பும் இதுதான்.

உரிமத் தேர்வு அப்படி இல்லை. அதை அங்கே தொழில் ஒழுங்குமுறை ஆணையம் நடத்துகிறது. 1959-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. பன்னிரண்டு பாடங்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், நோய்க்குறியியல், மருந்தியல் என்று தொடங்கிப் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் வரை போகிறது. நோய்த்தடுப்பும் பொதுச் சுகாதாரமும் தனிப் பாடம். சட்டமும் மருத்துவ அறமும் தனிப் பாடம். நான்கு நாள் தேர்வு. தேற வேண்டுமானால் மொத்தச் சராசரி 75 விழுக்காடு வேண்டும், எந்தப் பாடத்திலும் 50-க்குக் கீழே போகக்கூடாது. இங்கே எத்தனை பேர் தேறலாம் என்று உச்சவரம்பு கிடையாது. எல்லாரும் 75 எடுத்தால் எல்லாரும் மருத்துவர். ஒருவரும் எடுக்காவிட்டால் ஒருவரும் இல்லை. 'இவர் கையில் நோயாளியை ஒப்படைக்கலாமா?' என்பது இந்தத் தேர்வு கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது. நாளைக்கு என் அம்மாவையோ உங்கள் தங்கையையோ தொடப்போகிற கை அது. அந்தக் கேள்வியை விட்டுக்கொடுக்கச் சொல்லி நம் இயக்கத்தில் யாரும் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது.

நுழைவுத் தேர்வு, உரிமத் தேர்வு இரண்டும் வேறு வேறு என்பதை மனதில் வையுங்கள். நம்மிடம் 'தகுதி' பேச வருகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பித்தான் பேசுவார்கள். "கம்மி மார்க் எடுத்தவன்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்குவியா?" என்று கேட்பார்கள். பதினேழு வயதில் எடுத்த நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டி, முப்பது வயதில் செய்யப்போகும் அறுவையைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். நடுவில் இருக்கும் படிப்பு, பயிற்சி, தேர்ச்சி எல்லாம் அவர்கள் கணக்கில் வராது.

உரிமத் தேர்வு நியாயமானது என்றேன். ஆனால் அந்த நாட்டில் அதைச் சுற்றி ஒரு திருவிழாவே நடக்கிறது. தேறியவர்கள் பெயரெல்லாம் பத்திரிகையில் வரும். முதல் பத்து இடம் பிடித்தவர்களை 'டாப்நாட்சர்' என்பார்கள். ஊர் முனையில் படத்தோடு பேனர் கட்டுவார்கள். நம்ம ஊர் பிளெக்ஸ் மாதிரியேதான். எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் தேறினார்கள் என்று பட்டியல் வரும், அதை வைத்துக் கல்லூரி விளம்பரம் செய்யும். தேறினால் போதும் என்று இருந்த தேர்வு மெல்ல மெல்ல யார் முதல் என்று பார்க்கும் தேர்வாக மாறிவிடுகிறது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை, பொதுப் பதிவில் இருப்பது.

2004 பிப்ரவரி உரிமத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் வந்தவர் எல்மர் ஹசிந்தோ. பசிலான் என்ற மாகாணத்துக்காரர். வறுமையும் ஆயுத மோதலும் நிறைந்த தெற்கு மூலை அது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் முதலிடம் வந்தால் நாடே கொண்டாடும், கொண்டாடியது. அடுத்து அவர் சொன்ன செய்தியில் நாடு அதிர்ந்து போனது. நான் அமெரிக்காவுக்குச் செவிலியராக வேலைக்குப் போகிறேன் என்றார். மருத்துவத்தில் முதலிடம் வந்தவர், மருத்துவராகக்கூட அல்ல, செவிலியராக. நாட்டுப்பற்று இல்லாதவர் என்று எழுதினார்கள்.

அவரைக் குற்றம் சொல்ல நான் இந்தக் கதையை எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் மறுபடியும் உட்கார்ந்து செவிலியர் படிப்பு படித்தார்கள். அமெரிக்காவில் மருத்துவராக வேண்டுமானால் மீண்டும் பல தேர்வு, பல ஆண்டுப் பயிற்சி. செவிலியருக்கு அந்தக் காலத்தில் கதவு திறந்திருந்தது. உள்ளூர் அரசு மருத்துவர் சம்பளத்தைவிட அமெரிக்கச் செவிலியர் சம்பளம் பல மடங்கு. குடும்பத்தைக் காப்பாற்றப் போனார்கள். நம் தலைமுறையில் வளைகுடாவுக்குப் போனவர்களை நாம் துரோகி என்றா சொன்னோம்?

ஹசிந்தோவின் கதை அத்தோடு முடியவில்லை. அமெரிக்காவில் அவரும் மற்ற பிலிப்பைன்ஸ் செவிலியர்களும், ஒப்பந்தத்தில் சொன்னபடி எதுவும் தரப்படவில்லை என்று புகார் செய்தார்கள். 2006 ஏப்ரலில், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் பத்துச் செவிலியர்கள் சேர்ந்து வேலையை ராஜினாமா செய்தார்கள். அவர்களில் ஹசிந்தோவும் ஒருவர். வேலையை விட்டதற்காக அவர்கள் மேல் குற்ற வழக்கு, சதி வழக்கு. அவர்களுக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் மேலும் வழக்கு. 2009 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கை நிறுத்தியது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று அமெரிக்க அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம். அடிமை முறையை ஒழித்த திருத்தம் அது. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலையில் வைத்திருக்க முடியாது என்பது அதன் சாரம்.

ஒரு நாட்டின் மருத்துவத் தேர்வில் முதலிடம் வந்தவர், இன்னொரு நாட்டில் அடிமை ஒழிப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு நிற்கிறார். 'திறமை இருந்தால் மேலே வந்துவிடலாம்' என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பன்னிரண்டு பாடத்திலும் அவர் தேறினார், எல்லாரையும் முந்தினார். பசிலானுக்கு ஒரு மருத்துவர் கிடைத்தாரா? இல்லை. அவருக்காவது மரியாதை கிடைத்ததா? அதற்கும் வழக்காட வேண்டியிருந்தது.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

1970-களில் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இருந்தவர்களுக்கு ஒரு கவலை. மக்கள் வரிப்பணத்தில் மிகச் சிறந்த மருத்துவர்களை உருவாக்குகிறோம், அவர்களில் பெரும்பகுதியினர் விமானம் ஏறிவிடுகிறார்கள். மீதி இருப்பவர்கள் மணிலாவில் இருக்கிறார்கள். லெய்த்தே, சாமார் தீவுகளில் பிரசவம் பார்க்க ஆளில்லை. கிராமத்துக்குப் போ, போ என்று நகரத்துப் பிள்ளைகளிடம் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, கிராமத்தில் இருக்கிறவர்களையே ஏன் மருத்துவராக்கக் கூடாது என்று கேட்டார்கள். 1976-இல் லெய்த்தே தீவின் தக்லோபானில் ஒரு சுகாதாரப் பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகு பக்கத்து ஊரான பாலோவுக்கு அது மாறியது. அதனால் 'பாலோ பள்ளி' என்றே சொல்லலாம்.

அங்கே சேர்க்கை எப்படி? தேசியத் தரவரிசை கிடையாது. அந்த நாட்டின் கடைசி நிர்வாக அலகு பாரங்கே. நம்ம ஊராட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க ஏறத்தாழ 42,000 பாரங்கே இருக்கின்றன. சுகாதாரப் பணியாளர் தேவைப்படும் ஊர், தன் பிள்ளைகளில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. ஊர் கூடிப் பேசி முடிவெடுக்கிறது. இந்தப் பெண் நமக்கு நல்லது செய்வாள், படித்துவிட்டுத் திரும்பி வருவாள் என்று ஊர் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையும் ஊரோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறது.

படிப்பு ஏணி மாதிரி. எல்லாரும் முதலில் படிப்பது மருத்துவச்சி படிப்பு, ஏறத்தாழ இரண்டு ஆண்டு. முடித்ததும் ஊருக்குப் போய் வேலை பார்க்க வேண்டும். பிரசவம் பார்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், குடிநீரைக் கவனிக்க வேண்டும். நன்றாகச் செய்தால், இவரை மேலே படிக்க அனுப்பலாம் என்று ஊர் மறுபடியும் சொல்ல வேண்டும். அப்படி வந்தால் செவிலியர் படிப்பு. மறுபடியும் ஊர், மறுபடியும் வேலை, மறுபடியும் ஊரின் ஒப்புதல். அதன் பிறகே மருத்துவர் படிப்பு. எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும், ஊருக்கு ஒரு ஆள் இருப்பார். நம் முறையில் மருத்துவம் பாதியில் விட்டவர் வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறார். அங்கே பாதியில் நின்றவர் ஊரின் மருத்துவச்சியாக நிற்கிறார்.

தோழர்களே, இதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம். இந்தப் பள்ளிக்காக உரிமத் தேர்வை யாரும் தளர்த்தவில்லை. மருத்துவச்சி ஆனவர் மருத்துவச்சிகளுக்கான தேசிய உரிமத் தேர்வு எழுத வேண்டும். செவிலியர் ஆனவர் செவிலியர் உரிமத் தேர்வு எழுத வேண்டும். மருத்துவம் முடித்தவர், மணிலாவின் பணக்காரக் கல்லூரியில் படித்தவர் எழுதும் அதே பன்னிரண்டு பாடத்தை, அதே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதே 75. அதே 50. ஊர் கூடி அனுப்பிய பிள்ளைகள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள், உழவர் வீட்டுப் பிள்ளைகள், அந்தத் தேர்வை எழுதித் தேறி மருத்துவர்களாகியிருக்கிறார்கள். தேறியவர்களில் பெரும்பாலானோர் நாட்டை விட்டுப் போகவில்லை. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பள்ளி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவச்சிகளையும் நூற்றுக்கணக்கில் செவிலியர்களையும் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில் மருத்துவர்களையும் உருவாக்கியிருக்கிறது. மருத்துவர் எண்ணிக்கை குறைவு என்று சிலர் குறை சொல்லலாம். ஒரு கிராமத்துக்கு எது அதிகம் வேண்டும், எது குறைவாகப் போதும் என்று பாருங்கள், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இதைத்தான் நான் தீர்ப்பு என்றேன். கதவை அகலமாகத் திறந்தார்கள், உரிமத்தின் அளவுகோலை ஓர் அங்குலம்கூடக் குறைக்கவில்லை. பிள்ளைகள் தேறினார்கள். நுழைவுத் தேர்வில் யாரை வெளியே நிறுத்தினோமோ அவர்களுக்குத் திறமை இல்லை என்று இனி யார் சொல்ல முடியும்?

மிந்தனாவோவில் சாம்போவாங்கா என்ற நகரம். அங்கேயும் 1994-இல் உள்ளூர் மருத்துவர்கள் சேர்ந்து ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்று அது அங்குள்ள அத்தெனேயோ பல்கலைக்கழகத்தின் பகுதி. மாணவர்கள் படிப்புக் காலத்தின் கணிசமான பகுதியைக் கிராமங்களில் தங்கிக் கழிக்கிறார்கள். அங்கே படித்தவர்களிலும் பெரும்பாலோர் அந்தப் பகுதியிலேயே வேலை பார்க்கிறார்கள். காரணம் எளிது. எங்கே வேர் இருக்கிறதோ அங்கே மரம் நிற்கும்.

இதையெல்லாம் சொல்லி, அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று உங்களை அனுப்பிவைத்தால் நான் பொய் சொன்னவனாவேன்.

பாலோ பள்ளி இத்தனை ஆண்டு கடந்தும் ஒரு சிறிய பள்ளிதான். பாலேர், கொரோனாதால் என்ற இரண்டு ஊர்களில் கிளை வைத்தார்கள். நாடு முழுக்க அதுவே முறையாகிவிடவில்லை. 2013 நவம்பரில் வந்த யோலாந்தா புயல் பாலோ வளாகத்தைச் சிதைத்தது. அதிலிருந்து எழுந்து வர வேண்டியிருந்தது. மருத்துவரே இல்லாத நகராட்சிகள் இருநூற்றுக்கும் மேல் இருந்த நிலையில், 1993-இல் சுகாதார அமைச்சர் ஹுவான் ஃபிளாவியெர் 'கிராமங்களுக்கு மருத்துவர்கள்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். போனவர்கள் நன்றாக உழைத்தார்கள், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பலர் திரும்பிவிட்டார்கள். வெளியிலிருந்து அனுப்பப்பட்டவர் நாள் எண்ணுவது இயல்பு.

2020 டிசம்பர் 23 அன்று ஒரு பெரிய சட்டம் கையெழுத்தானது. 'மக்களுக்கான மருத்துவர்' சட்டம் என்று தமிழில் சொல்லலாம். அரசு உதவித்தொகையில் மருத்துவம் படிக்கலாம். கல்விக் கட்டணம், புத்தகம், தங்குமிடம் மட்டுமல்ல, உரிமத் தேர்வுக்கான பயிற்சி வகுப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும்கூட அரசே கொடுக்கும். இது ரொம்ப நுணுக்கமான விஷயம். ஏழைப் பிள்ளை கடைசிப் படியில்தான் விழும். படிப்பு முடிந்து, சம்பாத்தியம் இல்லாமல், மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கித் தேர்வுக்குப் படிக்க யார் காசு தருவார்கள்? சட்டம் எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. பதிலுக்கு, உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அரசுச் சேவை. செய்யாவிட்டால் இரண்டு மடங்கு திருப்பிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு மருத்துவராவது என்பது நோக்கம்.

நல்ல சட்டம். ஆனால் அது கையெழுத்தாவதற்கு எட்டு நாள் முன்பு, டிசம்பர் 15 அன்று என்ன நடந்தது தெரியுமா? நெக்ரோஸ் தீவில் கிஹுல்ங்கான் என்ற நகரத்தின் சுகாதார அலுவலர் மருத்துவர் மேரி ரோஸ் சான்செலான். கொரோனா காலத்தில் அந்த நகரத்தின் தடுப்புப் பணியை முன்நின்று நடத்தியவர். வேலை முடித்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரையும் அவர் கணவரையும் பைக்கில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன்பே ஒரு கம்யூனிச எதிர்ப்புக் கும்பல் வெளியிட்ட பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஏழைகளோடு நிற்கும் மருத்துவரைச் சிவப்புச் சாயம் பூசிக் கொல்வது அங்கே புதிதல்ல. 1982-இல் மார்க்கோஸ் ஆட்சியில், சாமார் தீவுக்கு விரும்பிப் போய் வேலை பார்த்த இளம் மருத்துவர் பாபி தெ லா பாஸ் தன் மருத்துவமனையிலேயே சுடப்பட்டு இறந்தார்.

ஒரு கையில் கிராமத்துக்குப் போ என்று உதவித்தொகை. இன்னொரு கையில் போனவருக்குத் துப்பாக்கி. கிராமத்து மருத்துவர் மருந்து கொடுப்பதோடு நின்றால் பிரச்சினை இல்லை. இந்தக் குழந்தைக்கு ஏன் சோறு இல்லை, இந்த நிலம் ஏன் அவர்களுக்கு இல்லை என்று கேட்கும்போது பிரச்சினை வருகிறது. நல்ல மருத்துவர் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆகவே தேர்வு முறையை மட்டும் மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நிலமும் அதிகாரமும் மாறாத இடத்தில் நல்ல மருத்துவருக்கும் பாதுகாப்பில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் இது. அவன் அங்கே எம்.டி. முடித்தாலும், இங்கே வந்து வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தேர்வு எழுத வேண்டும். 300-க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. அவனுக்குப் பின்னால் போன பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். 2021 நவம்பர் 18 அன்று வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். பிலிப்பைன்சின் எம்.டி. நான்கு ஆண்டு, அதாவது 48 மாதம். முன்னால் படிக்கும் பி.எஸ். இந்தக் கணக்கில் சேராது. அந்த நாள் கழித்துச் சேர்ந்த பிள்ளைகளை நடுக்கடலில் விட்டது போல ஆயிற்று. ஏஜென்டுகள் இதைச் சொல்லி அனுப்பவில்லை. நிலம் அடகில் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு முரணைக் கவனியுங்கள். பிலிப்பைன்ஸ் தன் மருத்துவர்களை ஏற்றுமதி செய்கிறது. அந்த நாட்டுக் கல்லூரிகள் நம் பிள்ளைகளிடம் பணம் வாங்கிப் படிப்பை விற்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே போகக் காரணம் இங்கே நுழைவுத் தேர்வு அவர்களை வெளியே நிறுத்தியதுதான். வெளியே நிறுத்தப்பட்டவர்களில் நிலம் அடகு வைக்க முடிந்தவர் தாவோ போகிறார். அடகு வைக்க நிலமே இல்லாதவர்? நிலம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது இந்த நாட்டில் எந்த அடிப்படையில் தீர்மானிக்கப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தாவோவும் இல்லை. 2017 செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டத்தில் நாம் அனிதாவை இழந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்த பிள்ளை. கூலித் தொழிலாளி மகள். அவருக்குத் தகுதி இல்லை என்று ஒரு நுழைவுத் தேர்வு சொன்னது.

தமிழ்நாடு ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. நுழைவுத் தேர்வை ஒழித்துப் பத்தாண்டு மருத்துவர்களை உருவாக்கிக் காட்டிய மாநிலம் இது. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. கிராமத்தில் வேலை பார்க்கும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இடம் ஒதுக்கும் முறை, ஏறக்குறைய பாலோவின் ஏணியைப் போன்றதுதான். வேலை செய், பிறகு மேலே படி. நம்மிடமே வேர் இருக்கிறது.

இப்போது வரக் காத்திருக்கும் ஆபத்து 'நெக்ஸ்ட்' தேர்வு. 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் அது இருக்கிறது. தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, சட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை. ஒரே தேர்வு, அதில் தேறினால் உரிமம். அதே மதிப்பெண்ணை வைத்து முதுநிலைப் படிப்புக்குத் தரவரிசை. நான் முதலில் சொன்ன இரண்டு கேள்விகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 'இவர் கையில் நோயாளியை ஒப்படைக்கலாமா?' என்பது ஒன்று. 'யாரை வெளியே நிறுத்தலாம்?' என்பது இன்னொன்று. நியாயமான கேள்வியையும் அநியாயமான கேள்வியையும் ஒரே தாளில் அச்சடிக்கப் பார்க்கிறார்கள். அப்படி ஆனால் இறுதியாண்டு மாணவர் நோயாளியின் கட்டிலருகே நிற்க மாட்டார், பயிற்சி மையத்தில் உட்கார்ந்திருப்பார். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாதவர் இங்கேயும் பின்னால் நிற்பார்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது மூன்று.

ஒன்று, 'தகுதி' என்று யாராவது பேச வந்தால், எந்தத் தேர்வைச் சொல்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். உரிமத் தேர்வா, நுழைவுத் தேர்வா? உரிமத் தேர்வு என்றால் பாலோவைக் காட்டுங்கள். எங்கள் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகள் எழுதும் அதே தாளை எழுதித் தேறுவார்கள், உள்ளே விடுங்கள் என்று சொல்லுங்கள்.

இரண்டு, 'யார் தேர்ந்தெடுப்பது?' என்று கேளுங்கள். ஊர் தேர்ந்தெடுக்கலாம் என்று நான் சொன்னதும் உங்களில் சிலருக்குச் சுருக்கென்றிருக்கும், எனக்கும் இருந்தது. நம் நாட்டில் 'ஊர்' என்றால் ஊர்தான், அதில் சேரி கிடையாது. நம் கிராமசபை ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரைத் தேர்ந்தெடுக்கும் என்று நமக்குத் தெரியும். அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி அரசியலமைப்பு அவையில் எச்சரித்தது சும்மா இல்லை. ஆகவே பாலோவை அப்படியே பெயர்த்து நட முடியாது. சேரிக்கும் பழங்குடிக் குடியிருப்புக்கும் தனி இடம் உறுதி செய்யாத எந்தச் சமூகத் தேர்வும் நமக்கு வேண்டாம். இடஒதுக்கீட்டுக்கு மாற்றாக இதை நான் சொல்லவில்லை, இடஒதுக்கீட்டின் மேல் கட்ட வேண்டிய அடுத்த மாடியாகச் சொல்கிறேன்.

மூன்று, உங்களில் மருத்துவம், செவிலியர், மருந்தாளுநர் படிப்பு படிக்கிற தோழர்கள் இருக்கிறீர்கள். வெளிநாடு போகாதே என்று உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். உங்களை யார் அனுப்பினார்கள்? நீட்டா அனுப்பியது? உங்கள் தெரு அனுப்பியது, உங்கள் அம்மாவின் நூறு நாள் வேலைச் சம்பளம் அனுப்பியது, உங்களுக்கு முன்னால் போராடிச் செத்தவர்கள் அனுப்பினார்கள். எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டாலும் அது ஓர் ஒப்பந்தம்தான்.

அக்கா மகன் போன மாதம் பேசினான். தாவோவில் அவன் வார்டில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு லூமாத் கிழவி இருந்தாராம். இவன் பேசும் ஆங்கிலம் அவருக்குப் புரியவில்லை, அவர் பேச்சு இவனுக்குப் புரியவில்லை. அந்த ஊர்க்காரப் பெண் ஒருத்தி, செவிலியர், நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்த்தாளாம். "மாமா, அந்தப் பாட்டி கடைசி வரைக்கும் அந்த அக்கா மூஞ்சியைத்தான் பார்த்துட்டு இருந்துச்சு" என்றான்.

அந்தச் செவிலியர் மருத்துவராக ஒரு ஏணி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கேயும், இங்கேயும்.